அருவியைப் படம் எடுக்கப் போகிறீர்களா? குற்றாலத்தில் நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்

முதல் தடவை குற்றாலத்துக்குக் கேமராவோடு போனபோது முந்நூற்றுச் சொச்சம் படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், அருவி இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர் நின்றது. இரண்டாம் தடவை கறுப்பு ஃபில்டர் எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். சுவர் போய்ப் புகைமூட்டம் வந்தது. அதிலும் பாதிப் படங்களின் நடுவில் வட்ட வட்டமாகத் தண்ணீர்ப் பொட்டு. மூன்றாம் தடவைதான் சட்டம் போட்டு மாட்டுகிற மாதிரி நான்கு படங்கள் தேறின.

இந்த மூன்று பயணத்திலும் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். ஷட்டர் வேகத்தை, அதாவது ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பதை, நாமே வைத்துக்கொள்ளக்கூடிய எந்தக் கேமராவும் போதும். கைபேசிக்காரர்கள் 10-ஆம் படியை முதலில் படித்துவிட்டு மேலே வரலாம்.

1. நாளும் நேரமும்

குற்றால சீசன் ஜூனில் தென்மேற்குப் பருவமழையோடு தொடங்கும். ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் நன்றாக இருக்கும். வானம் மூடி, லேசாகச் சாரல் அடிக்கும் நாள்தான் நமக்கு வேண்டிய நாள். குளிக்க வருகிறவர்கள் வெயில் இல்லையே என்று அலுத்துக்கொள்வார்கள், நீங்கள் சந்தோஷப்படுங்கள். மேகம் மூடியிருந்தால் வெள்ளைத் தண்ணீருக்கும் கறுத்த பாறைக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் குறைந்து, இரண்டும் ஒரே படத்துக்குள் அடங்கும். உச்சி வெயிலில் அடங்காது. என் முதல் பயணத்தின் சுண்ணாம்புச் சுவருக்கு அதுதான் காரணம்: பகல் 12 மணிக்குப் போய் நின்றேன்.

வெயில் நாளாக அமைந்துவிட்டால் பிற்பகல் வரை பொறுங்கள். மலை மேற்கே இருப்பதால் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். அதற்கப்புறம் இருட்டும் வரை நிழல் வெளிச்சம்தான். காலையில் என்றால் விடிந்த முதல் ஒரு மணி நேரம். அதற்கு முன்பே போனால் மின்விளக்கு வெளிச்சம் தண்ணீரில் பட்டு நிறம் குழம்பும்.

சனி, ஞாயிறு, ஆடி அமாவாசை வேண்டவே வேண்டாம். சென்னையிலிருந்து இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தென்காசி. செவ்வாய், புதனாகப் பார்த்து டிக்கெட் போடுங்கள். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வெளிச்சமும் தண்ணீரும் ஒத்துவர இரண்டு இரவாவது தங்க வேண்டும்.

2. வாங்க வேண்டியதும் வேண்டாததும்

முதல் செலவு ட்ரைபாட், கேமராவை நிறுத்தும் முக்காலி. 3,000 முதல் 6,000 ரூபாய்க்குள் ஓரளவு கனமானது கிடைக்கும். ஆயிரம் ரூபாய் ட்ரைபாட் அருவிக் காற்றுக்கே ஆடும்.

அடுத்தது சிபிஎல் ஃபில்டர், லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்பும் போலரைசர் கண்ணாடி. ஈரப் பாறையிலும் இலையிலும் மின்னும் வெள்ளைப் பளபளப்பை எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் பாசிப் பச்சையைக் காட்டும். இந்த வேலையைக் கணினியில் பிற்பாடு செய்ய முடியாது. ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் இதையே வாங்குங்கள். சுமார் 1,500 முதல் 3,000 ரூபாய்.

மூன்றாவது என்டி ஃபில்டர். இது கேமராவுக்குப் போடும் கூலிங் கிளாஸ். ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும். என்டி8 மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்கும், என்டி64 ஆறு ஸ்டாப், என்டி1000 பத்து ஸ்டாப். அருவிக்கு என்டி8 போதும். நான் ஆசைப்பட்டு என்டி1000 வாங்கினேன், அதுவும் பெயர் தெரியாத ஏதோ ஒன்று. படமெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. இன்றைக்கும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

வாங்கும்போது லென்ஸ் மூடியின் உள்பக்கம் பாருங்கள். 52, 58, 67, 77 என்று ஏதாவது ஓர் அளவு மில்லிமீட்டரில் போட்டிருக்கும். உங்களிடம் உள்ள பெரிய லென்ஸின் அளவுக்கு ஃபில்டரை வாங்கிவிட்டு, சின்ன லென்ஸுக்கு இருநூறு முந்நூறு ரூபாயில் ஒரு ஸ்டெப்-அப் வளையம் வாங்கிக்கொள்ளலாம். திருகித் திருகி அடர்த்தி மாற்றும் வேரியபிள் என்டி வசதிதான், ஆனால் அகலமான லென்ஸில் வானத்தில் பெருக்கல் குறி மாதிரி கறுப்பு விழும்.

இது போக மைக்ரோஃபைபர் துணி நான்கைந்து, ஒரு குடை, ஹோட்டல் குளியலறையில் தரும் பிளாஸ்டிக் தலையுறை இரண்டு. கடைசியது கேமராவுக்கு மழைக்கோட்டு.

3. எங்கே போகலாம், எதற்கு அனுமதி

பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி, புலியருவி ஆகியவற்றுக்கு ரோட்டிலிருந்து எளிதாகப் போய்விடலாம். மேலே மலைக்குள் இருக்கும் செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். ‘நான் கூட்டிப் போறேன் சார்’ என்று யாராவது வந்தால் நம்பிப் போகாதீர்கள்.

பாபநாசம் அகத்தியர் அருவி, மணிமுத்தாறு அருவி இரண்டையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால், அவை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். வாகனம், ஆள், கேமரா என்று தனித்தனிக் கட்டணம் இருப்பது வழக்கம். சில்லறையும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், ரசீதை வெளியே வரும் வரை தொலைக்காதீர்கள். தண்ணீர் அதிகமானால் வழியையே அடைத்துவிடுவார்கள் என்பதால் கிளம்பும் முன் அன்றைய நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள். ட்ரோன் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். காட்டுக்குள் அதற்குத் தனி அனுமதி வேண்டும், அது ஒரு விடுமுறைக்குள் முடிகிற காரியமில்லை.

4. கேமராவை நிறுத்துவது

ட்ரைபாட் காலைத் தண்ணீருக்குள் வைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் அதிரும், படம் முழுக்க மசமசவென்று ஆகும். காய்ந்த பாறையில், நடுத்தண்டை உயர்த்தாமல், மூன்று கால்களில் ஒன்றை முன்பக்கமாக நீட்டி வையுங்கள். பையை ட்ரைபாட்டில் தொங்கவிட்டால் ஆடாது என்பார்கள். காற்றில் பையே ஆடினால் நிலைமை இன்னும் மோசம், தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கவிடுங்கள்.

பட்டனை விரலால் அழுத்தினாலே அசையும். 2 விநாடி டைமர் போடுங்கள். லென்ஸில் அசைவு தடுக்கும் வசதி இருந்தால் ட்ரைபாடில் வைத்ததும் அதை அணைத்துவிடுங்கள். பல லென்ஸ்களில் இல்லாத அசைவைத் தேடி அதுவே ஆட ஆரம்பிக்கும்.

அப்புறம், குரங்கு. ஃபில்டர் பெட்டி அவற்றுக்குத் தின்பண்டப் பொட்டலம் மாதிரி தெரிகிறது. என் மைக்ரோஃபைபர் துணி ஒன்று ஐந்தருவிப் பக்கம் ஒரு மரத்தின் உச்சியில் இன்னும் இருக்கலாம்.

5. ஷட்டர் வேகம்: தண்ணீரைப் பார்த்து வையுங்கள்

நான் அதிகம் தடுமாறியது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

‘அருவி என்றால் ஒரு விநாடி’ என்று எங்கோ படித்ததை மந்திரம் மாதிரி வைத்துக்கொண்டு போனேன். அன்று பேரருவியில் தண்ணீர் ஆர்ப்பரித்து விழுந்தது. மேலிருந்து வரும் தண்ணீர் நேராகக் கீழே வராமல், நடுவில் பொங்குமாங்கடல் என்கிற ஆழமான குழியில் விழுந்து பொங்கி வழிவது பேரருவியின் தனி அழகு. ஒரு விநாடி வைத்ததில் அந்தப் பொங்கல், வழிசல், பாறையில் மோதித் தெறிப்பது எல்லாம் ஒன்றாகக் கரைந்து ஒரே பஞ்சுப் பொதி. அது எந்த ஊர் அருவி என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

கனத்து வேகமாக விழும் தண்ணீருக்கு 1/8 முதல் 1/4 விநாடி வரை போதும். இழை இழையாகத் தெரியும், வேகமும் தெரியும். சீசன் முடிகிற நேரத்தில் மெலிந்து நூலாக இறங்கும் தண்ணீருக்கு 1/2 முதல் 1 விநாடி. அதற்குக் குறைவாக வைத்தால் அருவி கிழிந்த துணி மாதிரி இருக்கும். ஜூம் லென்ஸில் ஒரு மூலையை மட்டும் நெருக்கமாக எடுத்தால் அசைவும் பெரிதாகும், அங்கே 1/15-கூடப் போதுமானது.

தெறிக்கும் துளிகளை அப்படியே நிறுத்த ஆசையா? 1/1000 அல்லது அதற்கு மேல். பெருவெள்ள நாளில் எனக்கு இதுதான் பிடிக்கிறது, பால் மாதிரிப் படங்கள் போதும் போதும் என்றாகிவிட்டது. மேகமூட்டத்தில் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800 வைத்தால் இந்த வேகம் கிடைக்கும். (எஃப் என்பது லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சுருங்கும். ஐஎஸ்ஓ என்பது கேமரா வெளிச்சத்தை உணரும் திறன்.) தவிர்க்க வேண்டியது 1/60, 1/125. துளியும் நிற்காது, இழையும் வராது. கேமராவை ஆட்டோவில் விட்டால் பெரும்பாலும் இந்த இரண்டுங்கெட்டான் வேகத்தைத்தான் பிடித்துத் தரும்.

மெதுவான வேகத்துக்கு எப்படிப் போவது? மேகம் மூடிய காலையில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11 வைத்தால் வேகம் ஏறக்குறைய 1/30 வரும். சிபிஎல் போட்டால் ஒன்றரை இரண்டு ஸ்டாப் குறைந்து 1/8 பக்கம் வந்து நிற்கும். பேரருவிக்கு இதுவே போதும், என்டி தேவையே இல்லை. என்டி8-ஐயும் மேலே மாட்டினால் 1 விநாடி. வெயிலில் அதே எஃப் 11-க்கு 1/250 வரும், என்டி8 போட்டாலும் 1/30-தான். அதனால்தான் வெயிலில் போகாதீர்கள் என்றேன்.

ஃபில்டர் இல்லையே என்று எஃப் 22-க்குப் போகாதீர்கள். வேகம் குறையும், கூடவே படத்தின் கூர்மையும் போகும். எஃப் 16-ஐத் தாண்ட வேண்டாம்.

ஒரு பழக்கம் சொல்கிறேன். இடத்தில் நின்றதும் 1/1000, 1/15, 1/8, 1/4, 1/2, 1 என்று ஆறு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். அன்றைய தண்ணீருக்கு எது ஒத்துவருகிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

6. வெள்ளை எரியாமல் பார்த்துக்கொள்வது

வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டருக்கு அருவி என்று தெரியாது. எதைக் காட்டினாலும் சராசரியாகச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஃபிரேம் முழுக்க வெள்ளைத் தண்ணீர் என்றால் அதைச் சாம்பலாக்கி அழுக்குத் தண்ணீராகக் காட்டும். அப்போது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, +1 பக்கம் நகர்த்த வேண்டும். ஃபிரேமில் பெரும்பகுதி கறுத்த பாறையும் மரமும், நடுவில் ஒரு கீற்று மட்டும் தண்ணீர் என்றால் நேர்மாறு: பாறையை வெளிச்சமாக்கும் முயற்சியில் தண்ணீரை எரித்து, விவரமே இல்லாத வெறும் வெள்ளையாக்கிவிடும். அங்கே -1.

இதில் ஒன்றை மட்டும் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் இன்னொன்றில் மாட்டிக்கொள்வார்கள், நானும் மாட்டினேன். ஆகவே எண்ணை நம்பாமல் திரையை நம்புங்கள். மெனுவில் ‘ஹைலைட் அலர்ட்’ என்று இருக்கும், அதைப் போட்டுவிட்டால் எரிந்த இடம் படத்தில் கறுப்பும் வெள்ளையுமாகச் சிமிட்டும். நுரையில் அங்கங்கே புள்ளி புள்ளியாகச் சிமிட்டினால் பரவாயில்லை. பெரிய திட்டாகச் சிமிட்டினால் குறையுங்கள். ஹிஸ்டோகிராம் (இருட்டு இடது பக்கமும் வெளிச்சம் வலது பக்கமுமாகத் திரையில் தெரியும் வரைபடம்) வலது சுவரை நெருங்கலாம், அதில் ஏறி ஒட்டிக்கொள்ளக் கூடாது.

சரி, தண்ணீரைக் காப்பாற்றினால் பாறை இருட்டாகிறதே என்றால், ஆகட்டும். ரா கோப்பாக, அதாவது கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுத்தால் இருட்டைப் பின்னால் ஓரளவு மீட்கலாம். எரிந்த வெள்ளையில் மீட்க எதுவும் இருக்காது. ஒரே நிலையில் இரண்டு ஸ்டாப் வித்தியாசத்தில் இரண்டு படம் எடுத்துக் கணினியில் சேர்ப்பதும் உண்டு, மேகம் மூடிய நாளில் அதற்குத் தேவை வராது.

வானம் ஃபிரேமில் இருந்தால் வெறும் வெள்ளைத் துண்டாகத்தான் நிற்கும். முடிந்தவரை அதை வெட்டிவிட்டு நில்லுங்கள்.

7. ஃபோகஸும் நிறமும்

ஓடும் தண்ணீரில் ஆட்டோ ஃபோகஸ் தேடித் தேடி அலையும். அருவிக்குப் பக்கத்துப் பாறை விளிம்பில் ஃபோகஸ் வைத்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். நிழலில் தண்ணீர் நீலம் பாய்ந்து வரும். நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸைக் ‘கிளவுடி’யில் வைத்தால் சரியாகும், ராவில் எடுத்தால் பிற்பாடும் மாற்றலாம். முதுகுக்குப் பின்னால் வெயில் வந்து சாரலில் வானவில் தெரிந்தால் சிபிஎல்லைக் கவனித்துத் திருப்புங்கள். ஒரு பக்கம் திருப்பினால் வானவில் அழுத்தமாகும், இன்னொரு பக்கம் திருப்பினால் காணாமலே போய்விடும். நண்பர் ‘வானவில் பாரு’ என்று கத்துகிறார், எனக்குக் கேமராவில் ஒன்றுமே தெரியவில்லை. ஐந்து நிமிடம் கழித்துத்தான் காரணம் புரிந்தது.

8. சாரல் என்கிற எதிரி

இரண்டாம் பயணத்தில் மாலையெல்லாம் எடுத்துவிட்டு அறைக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் ஒரு பொட்டு. அடுத்த படத்திலும் அதே இடத்தில். அதற்கடுத்ததில் மூன்று. நாற்பது நிமிட வேலை அப்படியே போயிற்று. அங்கேயே ஒருமுறை லென்ஸைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும்.

அதன்பிறகு ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதுகை அருவிக்குக் காட்டி நின்று, குடைக்குள் லென்ஸைத் துடைப்பேன். லென்ஸ் மூடியைப் போட்டபடியே கேமராவை ட்ரைபாடில் மாட்டுவேன். டைமர் அழுத்தி, மூடியை எடுத்து, படம் முடிந்த உடனே மூடுவேன். ஒவ்வொரு படத்துக்கும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மறுபடி துடைப்பது. துணி ஈரமானால் அதைப் போட்டுத் தேய்க்காதீர்கள், அடுத்ததை எடுங்கள். லென்ஸ் ஹூட் (லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பு) நேராக வரும் சாரலுக்கு உதவாது, பக்கவாட்டுக்கு உதவும். புரோட்டா சாப்பிட்ட கையோடு ஃபில்டரைத் தொட்டால் அந்த எண்ணெய் எந்தத் துணிக்கும் மசியாது.

காற்று உங்கள் பக்கம் அடித்தால் இடத்தை மாற்றுங்கள். பத்தடி தள்ளி நின்று ஜூம் செய்தாலே பாதித் தொல்லை குறைந்துவிடும்.

9. குளிக்கிறவர்களும், கலங்கும் தண்ணீரும்

குற்றாலத்தில் ஆள் இல்லாத அருவி கிடைப்பது அபூர்வம். குளிப்பவர்களை, முக்கியமாகப் பெண்கள் பகுதியை, கேமரா பார்க்கக் கூடாது. போலீஸ் விசில் அடிப்பதற்கு முன்பே நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. நீண்ட எக்ஸ்போஷரில் ஆட்கள் அசைந்து பேய் மாதிரிதான் வருவார்கள், படத்துக்கும் லாபமில்லை. தலைகளுக்கு மேலே, பாறையும் பொங்குமாங்கடலும் மட்டும் வருகிற மாதிரி மேல்பகுதியை எடுங்கள். தண்ணீர் அதிகமாகிக் குளிக்கத் தடை போட்ட நாளில் தூரத்தில் நின்று முழு அருவியையும் எடுக்கலாம். அந்த மாதிரி நாளுக்காகத்தான் இரண்டு இரவு என்றேன்.

எனக்கு அப்படி ஒரு நாள் வாய்த்தது. ஓடையோரப் பாறை ஒன்றில் ட்ரைபாடை விரித்துக்கொண்டிருந்தேன். டீக்கடை அண்ணாச்சி ரோட்டிலிருந்தே குரல் கொடுத்தார்: “தம்பி, தண்ணி கலங்கி வருதுல்லா, மொதல்ல மேல ஏறுங்க.” பார்த்தால் வெள்ளையாக இருந்த தண்ணீரில் டீ நிறம் ஏறியிருந்தது, சருகும் குச்சியும் மிதந்து வந்தன. நான் நின்ற பாறையின் மேல் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஓடியது.

மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது. நிறம் மாறினால், இலை தழை வந்தால், சத்தம் கனத்தால், ட்ரைபாடை மடக்க நிற்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு ஏறுங்கள்.

10. கைபேசியில் எடுப்பவர்களுக்கு

ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்து, கேலரியில் ‘லாங் எக்ஸ்போஷர்’ என்று மாற்றினால் தண்ணீர் இழையாகும். பிக்சல் 6-லிருந்து வந்த பிக்சல் போன்களில் கேமராவிலேயே இதற்கான வசதி உண்டு. மற்ற ஆண்ட்ராய்டுகளில் புரோ மோடு இருந்தால் ஐஎஸ்ஓவைக் குறைத்து ஷட்டரை 1/8 பக்கம் வையுங்கள். பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துவாரத்தை, சுருக்க முடியாது என்பதால் பகலில் இந்த வேகத்துக்குப் படம் வெளுத்துவிடும், அந்தி நேரத்தில்தான் நடக்கும். எதுவானாலும் போனைக் கையில் பிடிக்காமல் சின்ன ட்ரைபாடிலோ பாறையில் சாய்த்தோ வையுங்கள்.

என்டி இல்லாத கேமராக்காரர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ட்ரைபாடை அசைக்காமல் 1/30-இல் எட்டுப் படம் வரிசையாக எடுத்து, கணினியில் அடுக்கிச் சராசரி எடுத்தால் ஏறக்குறைய 1/4 விநாடிப் படம் மாதிரியே வரும்.

11. வீட்டுக்கு வந்தபிறகு

கணினியில் முதலில் ஹைலைட்டை, அதாவது வெளிச்சமான பகுதிகளை, இறக்குங்கள், அப்புறம் நிழலைக் கொஞ்சம் ஏற்றுங்கள். விளிம்புகளை அழுத்தமாக்கும் கிளாரிட்டியைப் பாறைக்கு மட்டும் கொடுங்கள். தண்ணீருக்கும் கொடுத்தால் பட்டு நூல் தேங்காய் நார் ஆகிவிடும். பச்சையை ஏற்றும்போது கை நீளும். குற்றாலத்துப் பச்சை ஏற்கெனவே போதுமான அளவுக்குப் பச்சை.

ஆனால் கணினிக்கு முன்னால் கேமராவைக் கவனியுங்கள். ஊரில் இறங்கிய அன்றே ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், ஈரம் ஏறினால் திருகு இறுகி அப்படியே மாட்டிக்கொள்ளும். ட்ரைபாட் கால்களை முழுக்க நீட்டி மின்விசிறிக்குக் கீழே காயவிடுங்கள். கேமரா, லென்ஸ் இரண்டையும் துடைத்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு மூன்று நாள் வையுங்கள். ஈரத்தோடு பைக்குள் போட்டு மறந்துவிட்டால் சில வாரங்களில் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை பிடிக்கும். கேமராவோடு சேர்ந்து வந்த என் பழைய கிட் லென்ஸில் பிடித்தது. சுத்தம் செய்யக் கேட்ட கூலி அந்த லென்ஸை இரண்டாம் கையில் விற்றால் கிடைக்கும் விலையைவிட அதிகமாக இருந்தது.